அலபாமாவின் போர்வைகளும் எட்டு வீட்டுமனைகளும்

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் இருக்கிறது வில்காக்ஸ் மாவட்டம். 1965 பிறந்தபோது அங்கு வாழ்ந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் கறுப்பின மக்கள். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. வெள்ளையர் பெயர்களோ, அந்த மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதில் இருந்த வெள்ளையர்களின் எண்ணிக்கையையே தாண்டியிருந்தன. இல்லாதவர்களுக்கு வாக்கு இருந்தது. பருத்திக் காட்டில் குனிந்து நின்றவர்களுக்கு இல்லை. மறு ஆண்டு அதே மாவட்டத்தில் கறுப்பினப் பெண்கள் முன்னின்று ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். ‘ஃப்ரீடம் கில்ட்டிங் பீ’, அதாவது விடுதலைப் போர்வைத் தையல் கூட்டம், என்று பெயர் வைத்தார்கள். விற்ற பொருள், ஒட்டுத்துணிப் போர்வை.

கைவினையையும் அரசியலையும் சேர்த்துப் பேசினால் இன்று முதலில் கண்முன் வருவது வாசகம் தைத்த துணிப்பையும் முழக்கம் பின்னிய சால்வையும்தான். வாரச் சந்தையில் நல்லெண்ணத்தோடு வாங்குகிறோம், தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சங்கம் நியூயார்க் கடைகளுக்கு அனுப்பிய போர்வைகளைப் பிரித்துப் பார்த்தால், பாட்டிமார் காலத்துப் பழைய வடிவங்கள்தான் தெரியும். அதன் அரசியல் கணக்குப் புத்தகத்திலும், அது வாங்கிய 23 ஏக்கர் நிலத்தின் பத்திரத்திலும் இருந்தது. அதனால்தான் கைவினைக் கூட்டுறவு பற்றிப் பேசுகிறவர்கள் தையலைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நிலம் இருந்தவர்களும் இல்லாதவர்களும்

அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்ளும் ஒரு நாக்குத் துண்டு நிலம், வில்காக்ஸ் மாவட்டத்தின் ஜீஸ் பெண்ட். ஜோசப் ஜீ என்ற பருத்திப் பண்ணைக்காரரின் பெயரால் வழங்கும் ஊர். 1840களின் நடுவில் அந்தப் பண்ணை மார்க் பெட்வே என்பவரின் கைக்கு மாறியது. அவர் வட கரோலினாவிலிருந்து நூறு பேர் அளவுக்கு அடிமைகளை நடக்கவைத்தே அங்கு கொண்டுவந்தார். இன்றும் ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. அடிமை முறை ஒழிந்த பின்னும் அவர்கள் அங்கேயே வாரச் சாகுபடி செய்தார்கள். விதையும் உரமும் மாவும் கடனுக்கு வரும். அறுவடையில் கடன் கழியும். கழிந்து மிஞ்சியதாகச் சரித்திரம் இல்லை.

1932இல் அந்தக் கடன் கொடுத்துவந்த கேம்டன் நகர வியாபாரி இறந்துபோனார். அவர் குடும்பத்தார் பாக்கியை வசூலிக்க ஆட்களை அனுப்பினார்கள். கலப்பை, மாடு, கோழி, பத்தாயத்துச் சோளம் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவில்தான் ஊர் கடந்தது.

பிறகு நடந்த ஒன்றுதான் இந்தக் கதையின் அச்சாணி. ரூஸ்வெல்ட் அரசு 1930களின் பிற்பகுதியில் அந்தப் பண்ணையை விலைக்கு வாங்கியது. வீடு கட்டிக் குறைந்த வட்டிக் கடனில் அங்கிருந்த குடும்பங்களுக்கே நிலத்தைப் பிரித்து விற்றது. அப்படித்தான் ஜீஸ் பெண்ட் மக்கள் தங்கள் முன்னோர் அடிமைகளாக உழைத்த மண்ணுக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள். சுற்றுவட்டாரத்தில் இந்தப் பேறு வேறு பெரும்பாலான கறுப்பினக் குடும்பங்களுக்கு வாய்க்கவில்லை.

முப்பது ஆண்டு கழித்து இதன் பலன் தெரிந்தது. 1965 தொடக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்டுக்கு வந்து பேசினார். ஊர் திரண்டு போய் வாக்காளர் பதிவுக்கு வரிசையில் நின்றது. அடி விழலாம், வேலை போகலாம். ஆனால் வீட்டைவிட்டுத் துரத்த முடியாது. பக்கத்து ஊர்களில் வெள்ளையர் நிலத்தில் குடியிருந்தவர்கள் அதே வரிசையில் நின்றபோது, திரும்பி வருவதற்குள் வீட்டுச் சாமான்கள் தெருவுக்கு வந்துவிட்டன. ஒரே போராட்டம், ஒரே தேவாலயப் பாட்டு. விலை மட்டும் வேறு வேறு. துணிவு எல்லோரிடமும் இருந்தது. பட்டா சிலரிடம்தான் இருந்தது.

அதிகாரம் தன் வழியில் பழிவாங்கிக்கொண்டுதான் இருந்தது. ஜீஸ் பெண்டிலிருந்து மாவட்டத் தலைநகரான கேம்டனுக்கு ஆற்றைக் கடந்தால் சில மைல்கள்தான். அந்தப் படகுச் சேவை 1962இல் நிறுத்தப்பட்டது. பதிவு அலுவலகம் அக்கரையில் இருந்தது என்பதைச் சொன்னால் காரணம் விளங்கிவிடும். அதற்குப் பிறகு சாலைவழியாக ஒரு மணி நேரம் சுற்றித்தான் போக வேண்டும். படகு மறுபடி ஓடியது 2006இல். அதாவது, வாக்குரிமைச் சட்டம் வந்து 41 ஆண்டுகளுக்குப் பிறகு.

கொடியில் கிடந்த மூன்று போர்வைகள்

அலபாமாவிலேயே பிறந்த பிரான்சிஸ் எக்ஸ். வால்ட்டர் எபிஸ்கோப்பல் சபையின் பாதிரியார், வெள்ளையர். 1965 இறுதியில் அவர் வில்காக்ஸ் மாவட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, வாக்காளராகப் பதிவு செய்ததற்காக வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களின் வாக்குமூலங்களைச் சேகரிக்க. டிசம்பரில் ஒருநாள் பாசம் பெண்ட் என்ற ஊர்ப்பக்கம் வழி தவறியபோது ஒரு குடிசையின் கொடியில் மூன்று போர்வைகள் காய்வதைப் பார்த்தார். விசாரிக்கலாம் என்று நெருங்கினார். வீட்டுக்காரப் பெண் காட்டுக்குள் ஓடி மறைந்துவிட்டார். அறிமுகமில்லாத வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்தால் அந்த ஆண்டில் அங்கு அதுதான் புத்திசாலித்தனம்.

இந்தக் காட்சியை வைத்து வால்ட்டரைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டுவது பல எழுத்துகளின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. போர்வை அங்கு எப்போதும் இருந்தது. மரப்பலகைச் சுவரின் இடுக்குகளில் காற்று புகாமலிருக்கச் செய்தித்தாளை ஒட்டிவைத்திருக்கும் வீட்டில் குளிர்காலத்தைக் கழிக்க ஆளுக்குப் பல போர்வைகள் வேண்டும். கிழிந்த காற்சட்டை, வயலில் வெளுத்துப்போன மேலங்கி, மாவுச் சாக்கு, உரச் சாக்கு எல்லாம் துண்டாகி மேல் துணியாகும். அரவை ஆலைத் தரையில் கூட்டி எடுத்த பருத்தி நடுவில் பஞ்சாகப் போகும். மேல் துணியை ஒவ்வொரு பெண்ணும் தனியே, தன் கண்ணுக்குப் பட்டபடி இணைப்பார். மூன்று அடுக்கையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி ஊசியோட்டும்போதுதான் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள், பாட்டும் ஜெபமும் ஊர்வம்பும் நடக்கும். வால்ட்டர் கண்டது வேறொன்று: நியூயார்க்கில் இதற்குப் பணம் கொடுக்கத் தயாராக இருக்கும் கூட்டத்தை.

உள்ளூரில் ஒரு போர்வைக்கு ஐந்து டாலர் கிடைத்தாலே அதிகம். வால்ட்டர் நன்கொடையாகத் திரட்டிய சில நூறு டாலர்களோடு வந்து, ஒன்றுக்குப் பத்து டாலர் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினார். கடன் புத்தகத்தில் வரவு வைக்கிறேன் என்று சொல்லாமல் பணத்தைக் கையில் கொடுத்தது அந்தப் பெண்கள் பலருக்குப் புதிது. வாங்கியவை 1966 மார்ச்சில் நியூயார்க்கில் ஏலம் போயின. வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது. அதே மாதம் கேம்டனில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடிச் சங்கத்தைப் பதிவு செய்ய முடிவெடுத்தார்கள்.

பாதிரியார் சங்கத்தின் தலைவர் ஆகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொறுப்புகள் ஊர்ப் பெண்களிடம் போயின. மின்டர் கோல்மன் முதல் தலைவர். எஸ்டல் விதர்ஸ்பூன் நிர்வாகி. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பைச் சுமந்தவர் அவர்தான். தையற்கூடம் கட்டும்வரை அவர் வீடுதான் அலுவலகம், கிடங்கு, தையல் அறை எல்லாம். கூட்டுறவு இயக்க வரலாறுகளில் வெளியிலிருந்து வந்து தொடங்கிவைத்தவரின் பெயர் தடித்த எழுத்திலும் கணக்கு எழுதியவரின் பெயர் அடிக்குறிப்பிலும் வரும். இங்கே கணக்கு எழுதியவர்தான் சங்கத்தைத் தாங்கி நிறுத்தினார்.

நியூயார்க் கேட்டது

அறுபதுகளின் கடைசியில் நியூயார்க்கின் பணக்கார வீடுகளில் ஒட்டுத்துணிப் போர்வை நாகரிகமாகிவிட்டது. வோக் என்ற ஆடை நாகரிக இதழின் ஆசிரியர் டயானா வ்ரீலண்ட் ஆர்வம் காட்டினார். ஜாக்குலின் கென்னடிக்காக வெள்ளை மாளிகையின் அறைகளை அலங்கரித்த சிஸ்டர் பாரிஷ் தன் வாடிக்கையாளர்களுக்காகத் துணி தைக்கச் சொன்னார். 1969இல் புளூமிங்டேல்ஸ் பல்பொருள் அங்காடி சங்கத்தின் போர்வைகளை விற்பனைக்கு வைத்தது.

பெரிய கடையோடு வியாபாரம் செய்தவர்களுக்கு அடுத்தது என்ன வரும் என்பது தெரிந்திருக்கும். ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே நிறச் சேர்க்கை. அட்டவணையைப் பார்த்து வாடிக்கையாளர் கேட்ட போர்வையும் வந்து சேர்ந்த போர்வையும் ஒன்றாக இருக்க வேண்டும். தையல் ஒழுங்காக, நெருக்கமாக இருக்க வேண்டும். சங்கம் நியூயார்க்கிலிருந்து வந்த ஆலோசகரின் யோசனைப்படி வடிவங்களைக் குறைத்து, ‘கரடிப் பாதம்’ போன்ற, எல்லோருக்கும் தெரிந்த சிலவற்றை மட்டும் நிலையாக வைத்துக்கொண்டது. பழைய சட்டையை வெட்டும் வழக்கம் போய், துணிக்கட்டுகள் வாங்கி வெட்டினார்கள். கோடு கோணலாக ஓடும் ஜீஸ் பெண்ட் பாணிக்கு அந்த மேசையில் இடமில்லை. இந்த ஒழுங்கு பிடிக்காமல் சங்கத்தில் சேராத பெண்களும், சேர்ந்து ஒதுங்கிய பெண்களும் இருந்தார்கள். வீட்டில் தங்கள் கட்டிலுக்குத் தைத்தபோது பழையபடி மனம்போலத் தைத்தார்கள்.

கலையைக் காவு கொடுத்து வியாபாரம் செய்தார்கள் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, ஆனால் முழுதும் இல்லை. வெளியேற்றப்பட்ட குடும்பம் கூடாரத்தில் கிடக்கும்போது தன் கற்பனையின் கோணலைக் காப்பாற்றுவதா, மாதம் எத்தனை உருப்படி போகும் என்று பார்ப்பதா என்ற கேள்விக்குச் சங்கம் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. இரண்டாவதைத் தேர்ந்தது. அந்தப் பணத்தை என்ன செய்தது என்பதை வைத்துத்தான் தேர்வை எடைபோட வேண்டும்.

23 ஏக்கர்

1960களின் முடிவில், ஆல்பர்ட்டா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், சங்கம் 23 ஏக்கர் நிலம் வாங்கியது. வெள்ளையர் கறுப்பினத்தவருக்கு நிலம் விற்பதே அபூர்வமாக இருந்த பகுதி அது. ஒரு பக்கத்தில் தையற்கூடம் எழும்பியது, 1969இல் திறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டிருந்த கிங்கின் பெயரைச் சூட்டினார்கள். பின்னர் குழந்தைகள் காப்பகமும் சேர்ந்தது. அது வசதிக்காகச் செய்த சேர்க்கை மட்டுமில்லை. பிள்ளையை யாரிடம் விடுவது என்பதுதான் கூலிக்குப் போகும் பெண்ணின் முதல் கணக்கு, அதைத் தீர்க்காத எந்தத் தொழிற்கூடமும் பாதி ஆட்களோடுதான் ஓடும்.

மீதி நிலத்தில் எட்டு மனைகளைப் பிரித்து, வாக்காளராகப் பதிவு செய்ததற்காக வீடிழந்த எட்டுக் குடும்பங்களுக்கு விற்றார்கள்.

என் பார்வையில் சங்கத்தின் வாழ்நாளில் இதைவிடப் பெரிய காரியம் எதுவும் இல்லை. 1930களில் ஜீஸ் பெண்ட் மக்களுக்கு அரசாங்கம் செய்ததை, எட்டுக் குடும்பங்கள் என்ற சிறிய அளவில், ஊசி பிடித்த பெண்கள் தாங்களே செய்தார்கள். இனி அந்த எட்டுக் குடும்பங்கள் எந்த வரிசையில் நின்றாலும் சாமான்கள் தெருவுக்கு வராது. நியூயார்க்கில் கட்டிலை மூடிய போர்வை அலபாமாவில் ஒரு வாக்காளருக்குக் கூரையானது. இடையில் நன்கொடை ரசீது இல்லை, விற்பனை ரசீதுதான். எட்டு என்பது சிறிய எண். ஆனால் ஒரு நில உடைமையாளர் எல்லோரையும் அச்சுறுத்த ஒரு குடும்பத்தை வெளியேற்றினால் போதும் என்று இருந்த ஊரில், வெளியேற்றினாலும் போக இடம் உண்டு என்று தெரிவது அச்சுறுத்தலின் முனையையே மழுக்கிவிடும்.

தலையணை உறை

நாகரிகம் எதுவும் நிலைக்காது. போர்வை மோகம் தணியத் தொடங்கியபோது சங்கம் 1972இல் சியர்ஸ் என்ற பெரும் கடைத்தொடரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது: கார்டுராய் என்ற வரி வரியான தடித்த துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்க வேண்டும். தையல் இயந்திரம், வரிசை வேலை, எண்ணிக்கை. கைவினை ஆர்வலர்கள் இந்த அத்தியாயத்தை அவசரமாகத் தாண்டிப் போவார்கள். புகைப்படத்துக்கு ஏற்றதாக எதுவும் இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் மாதாமாதம் கூலி கொடுத்தது இந்த அழகில்லாத உறைதான். அந்த வட்டாரத்தில் வயல்வேலையும் வீட்டுவேலையும் தவிரப் பெண்களுக்கு வேறு வேலை அநேகமாக இல்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வெட்டியது போக மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அது எழுபதுகளின் நிறங்கள் வந்த துணி: வெண்ணெய்ப்பழப் பச்சை, கடுகு மஞ்சள், பழுப்பு, செக்கச் சிவப்பு. கனமான அந்தத் துணியில் நுணுக்கமான வடிவம் வெட்ட வராது. பட்டை பட்டையாக, கட்டம் கட்டமாகத்தான் வரும். அப்படி இணைத்துத் தைத்தவை ஜீஸ் பெண்டின் மிக அழகான போர்வைகளில் சேர்ந்தன. நியூயார்க் கடை வேண்டாம் என்று ஒதுக்கிய பாணி, சியர்ஸின் குப்பையில் பிழைத்துக்கொண்டது.

அருங்காட்சியகம் வந்த பிறகு

1990களின் இறுதியில், அட்லாண்டாவைச் சேர்ந்த கலைச் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட், விறகுக் குவியல்மேல் விரித்த ஒரு போர்வையின் படத்தைப் பார்த்து அதைத் தேடி ஜீஸ் பெண்டுக்கு வந்தார். அது ஆனி மே யங் தைத்தது. ஆர்னெட் அவரிடமும் மற்றவர்களிடமும் நூற்றுக்கணக்கில் வாங்கினார். தேடியது சங்கத்தின் ஒழுங்கான போர்வைகளை அல்ல. கட்டிலுக்கடியில் மடித்து வைத்திருந்த, பழைய துணியில் தைத்த, கோணலான போர்வைகளை. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அதே ஆண்டு பிற்பகுதியில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரில் தொங்கின. விமர்சகர்கள் மத்தீஸ், பால் கிளே போன்ற நவீன ஓவியர்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளை அஞ்சல்தலையாக வெளியிட்டது.

விலை ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறியது. 2003இல் ஜீஸ் பெண்ட் பெண்கள் தங்களுக்கென்று புதிய கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். 2007இல் ஆனி மே யங்கும் லொரெட்டா பெட்வேயும் ஆர்னெட் குடும்பத்தார்மீது வழக்குத் தொடுத்தார்கள்: போர்வைகளின் வடிவங்களைப் பாய்க்கும் பாத்திரத்துக்கும் உரிமம் கொடுத்து ஈட்டிய பணத்தில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்பது அவர்கள் வாதம். ஆர்னெட் தரப்பு மறுத்தது. மறு ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. யார் சொன்னது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் தெளிவு. 1966இல் விற்றவர் சங்கம், எனவே எது எங்கே எவ்வளவுக்குப் போனது என்பது விதர்ஸ்பூனின் மேசையில் இருந்தது. அருங்காட்சியகக் காலத்தில் விற்றவர்கள் தனித்தனிப் பெண்கள். போர்வையைக் கொடுத்தவர் கையை விட்டு, போர்வையின் படம் வேறொரு சரக்காகப் பிரிந்து போனபோது அதைப் பின்தொடர அவர்களிடம் மேசை இல்லை.

சங்கம் அதற்குள் தளர்ந்துவிட்டிருந்தது. உச்சத்தில் ஏறத்தாழ 150 பேர் இருந்த இடத்தில் முதியவர்கள் சிலரே மிஞ்சினார்கள். இளம்பெண்கள் நகரங்களுக்குப் போனார்கள், போகக் கூடாது என்று யார் சொல்ல முடியும்? சூறாவளியில் கட்டடம் சேதமடைந்தது. 1998இல் விதர்ஸ்பூன் மறைந்தார். தொடக்க காலத் தலைவர்களில் ஒருவரான நெட்டி யங் 2010இல் மறைந்தார். 2012இல் சங்கத்தை முறைப்படி மூடினார்கள். 46 ஆண்டுகள் ஒரு கிராமப்புறத் தையல் கூட்டுறவுக்குக் குறைந்த ஆயுள் இல்லை. மானியத்தை நம்பிப் பிறந்து ஐந்தாம் ஆண்டே பூட்டப்பட்ட சங்கங்களை நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறோம்.

இப்போது

2021இல், ‘நெஸ்ட்’ என்ற தொண்டு அமைப்பின் உதவியோடு, ஜீஸ் பெண்ட் பெண்கள் சிலர் எட்ஸி இணையச் சந்தையில் தங்கள் பெயரிலேயே கடை திறந்தார்கள். விலையை அவர்களே வைக்கிறார்கள், வாங்குகிறவர் யார் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. மூன்று ஆண்டு கழித்து, 2024 பிப்ரவரியில், டார்கெட் என்ற பெரும் கடைத்தொடர் ஐந்து பெண்களின் வடிவங்களைக் கொண்டு ஒரு வரிசைப் பொருள்களை வெளியிட்டது. இயந்திரத்தில் தயாரான சரக்கு. கறுப்பின வரலாற்று மாதத்துக்கான விற்பனை அது. அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது ஒருமுறைத் தொகை. எவ்வளவு விற்றாலும் பங்கு ஏறாது.

இந்த இரண்டில் முதலாவதைத்தான் நான் நல்லது என்பேன், தயங்காமல். ஆனால் அதிலும் ஒன்று குறைகிறது. எட்ஸியில் ஒரு பெண்ணின் போர்வை நல்ல விலைக்குப் போனால் அந்த வீடு நிமிர்கிறது. பக்கத்து வீட்டுக்கு அதில் எதுவும் போய்ச் சேர வழியில்லை. அன்று அந்த எட்டு மனைகளுக்கு வழி செய்தது எந்த ஒரு பெண்ணின் திறமையும் இல்லை, எல்லோருடைய உழைப்பிலிருந்தும் ஒதுக்கிய பொதுப் பணம். அந்தப் பணத்துக்கு ஒரு நிர்வாகக் குழு இருந்தது, அது கூடி வாக்கெடுத்தது, நிலம் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. இணையக் கடையின் பக்கத்தில் அதற்கான பொத்தான் இன்னும் வைக்கப்படவில்லை.